பிரேக்கர் பெட்டியின் சாவி

கல்ஃபில் குளிரா என்று ஊரில் சிரிப்பார்கள். ராஸ் லஃபான் பக்கத்துப் பாலைவனத்தில், தகர அறையில், ஒரு ஜனவரி படுத்துப் பார்த்தால் தெரியும். நாங்கள் வேலை பார்த்த இடத்திலிருந்து கப்பல் கப்பலாக எரிவாயு போகும். உலகம் குளிர்காய அனுப்பிவிட்டு, எங்களுக்குப் பற்கள் தந்தியடிக்கும்.

கேம்புக்கு நான்தான் எலெக்ட்ரீஷியன். கோடையில் இரண்டு ஜெனரேட்டர் ஓடும். குளிர் வந்ததும், "ஏசி மாஃபி, லோடு மாஃபி", ஏசியும் இல்லை லோடும் இல்லை என்று, கேம்ப் பாஸ் ஒன்றை வேறு சைட்டுக்கு அனுப்பிவிட்டார். ஆட்கள் ஹீட்டர் வாங்கினார்கள். மிச்சமிருந்த ஜெனரேட்டர் நாளுக்கு நாலு தடவை நின்றது. பாஸ் என்னைக் கூப்பிட்டார். அறைக்கு அறை சின்ன பிரேக்கர் மாட்டு, ஹீட்டர் போட்டால் அது விழுந்து அறைக்குக் கரண்ட் போகட்டும், யாரும் தூக்கிவிடாதபடி பெட்டியைப் பூட்டு என்றார். அப்போது ஃபோர்மேன் வேலை காலியாக இருந்தது. பூட்டினேன். சாவியை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தேன். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பது சும்மா இல்லை.

என் கட்டிலுக்குக் கீழ்க் கட்டிலில் ராமநாதபுரத்துக்காரர் ஒருவர், சாரம் கட்டுகிறவர். அவருக்கு வீசிங் உண்டு. மருந்தைப் புகையாக இழுக்கும் சின்ன மெஷின் வைத்திருந்தார். அது கரண்டில்தான் ஓடும்.

"தம்பி, இந்த மெஷினுக்கு மட்டுமாச்சும் ஒரு தனி லைன் குடுத்துருப்பா" என்றார்.

"பாஸ்கிட்ட கேக்குறேண்ணே" என்றேன். கேட்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, லீவு நாள், மழையும் காற்றுமாக இருந்தது. நான் சவரம் செய்துகொள்ள டவுனுக்குப் போயிருந்தேன், சாவியோடு. அறையில் எவனோ ஒளித்துவைத்த ஹீட்டரைப் போட்டிருக்கிறான். பிரேக்கர் விழுந்தது. அண்ணனுக்கு இழுப்பு வந்துவிட்டது. எனக்குப் போன் மேல் போன். முகமெல்லாம் சோப்பு, அப்புறம் பேசலாம் என்று விட்டுவிட்டேன். இன்று நினைத்தாலும் என்மேல் எனக்கே அருவருப்பு வருகிறது. பெட்டியை உடைத்தால் வேலை போய்விடும் என்று ஒருவனும் தொடவில்லை. கடைசியில் வேனில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

பிழைத்தார். ஆனால் அன்ஃபிட் என்று எழுதி, அந்த மாதமே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கிளம்பும்போது அவர் பெட்டியை நான்தான் தூக்கிக் கொடுத்தேன்.

"எம்மேல கோவமாண்ணே?"

"ஒம்மேல என்னப்பா கோவம், பூட்டச் சொன்னது அவன்" என்றார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவர் ஜன்னல் வழியாகச் சொன்னார்: "ஆனா சாவி ஒங்கிட்டதானப்பா இருந்துச்சு."

அடுத்த மாதம் நான் ஃபோர்மேன் ஆனேன். ஃபோர்மேன் அறைக்குத் தனி லைன். ஹீட்டர் போட்டுக்கொள்ளலாம்.