பச்சை பெயிண்டும் ஆற்று மணலும்

கல்யாணமான மூன்றாம் வருஷம், என் வீட்டுக்காரர் நகரியில் இருந்த தறியை அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டு ஒரு குதிரை ராட்டினம் வாங்கி வந்தார். எட்டு மரக்குதிரைகள், குழந்தையோடு உட்காருகிறவர்களுக்கு இரண்டு அன்னப்பட்சிகள், நடுவில் ஒரு கம்பம், சுற்றிலும் வட்டமான பலகைத் தளம். அந்தத் தளத்தில் ஏறி நடந்துதான் குதிரைக்குப் போக வேண்டும். எஞ்சின் கிடையாது. அவரும் என் கொழுந்தனும் உள்ளே நின்று தள்ளுவார்கள். ஆட்களை ஏற்றி இறக்குவது என் வேலை.

ஆந்திரா தனி ராஜ்ஜியமாகியிருந்த சமயம் அது. எல்லைக்கோடு எந்த ஊர் வழியாகப் போகும், நகரி அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று டீக்கடைக்கு டீக்கடை சண்டை நடந்தது. எங்களுக்கு அந்தக் கவலையே இல்லை. ராட்டினம் புத்தூரிலும் சுற்றும், திருவள்ளூரிலும் சுற்றும்.

கார்த்திகை மாதம் திருச்சானூர்த் தாயார் பிரம்மோற்சவத்துக்குக் கடை போட்டோம். அதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் தளம் முழுவதும் கிளிப்பச்சை எனாமல் பெயிண்டை மூன்று கோட்டு அடித்தார். குனிந்தால் முகம் தெரிந்தது. அதில் தன் மீசையைப் பார்த்து அவர் முறுக்கிக்கொண்டதை நானே பார்த்தேன்.

முதல் நாள் காலையிலேயே வினை ஆரம்பித்தது. ஜனங்கள் குளத்தில் முழுக்குப் போட்டுவிட்டு ஈரத் துணியோடு நேரே ராட்டினத்துக்கு வந்தார்கள். ஈரக் கால், தலையிலிருந்து வழியும் எண்ணெய், கீழே கண்ணாடி மாதிரி பெயிண்ட். புத்தலப்பட்டிலிருந்து வந்த ஒரு அம்மா, நல்ல வாட்டசாட்டமான உடம்பு, இரண்டு எட்டு வைத்தார். மூன்றாவது எட்டை அவர் வைக்கவில்லை, அதுவாகவே போனது. உட்கார்ந்தபடியே வழுக்கிக்கொண்டு போய் ஒரு குதிரையின் வயிற்றுக்கு அடியில் நின்றார். நான் பதறி ஓடினேன்.

"அடி ஒண்ணும் படலம்மா. என்னால இனிமே எழுந்திருக்க முடியாது. சுத்தச் சொல்லு, நான் இங்கியே குந்திக்கினு வரேன்" என்றார். அப்படியேதான் சுற்றி வந்தார்.

மத்தியானத்துக்குள் ஏழெட்டுப் பேர் விழுந்தார்கள். அடுப்புச் சாம்பலைத் தூவினேன். ஈரம் பட்டதும் சேறாகி இன்னும் வழுக்கியது. கோணிப் பையை விரித்தோம். கோணியோடு சேர்ந்து ஆள் போனார். கொழுந்தன் மூங்கில் சிம்புகளைக் குறுக்கே வைத்து ஆணி அடித்தார். வழுக்கல் நின்றது. ஆனால் கால் விரலை இடித்துக்கொண்டு நொண்டாதவர்கள் யாருமில்லை. சாயங்காலமே பிடுங்கிவிட்டோம்.

மறுநாள் பஞ்சாயத்து அதிகாரி ஒருவர் வந்தார். வெள்ளை வேட்டி, கக்கத்தில் குடை. தளத்தில் ஏறாமலே கேட்டார்.

"ஏமய்யா, ஜனம் விழறாங்களாமே? ஜாக்ரத்தன்னு போர்டு எக்கட?"

"வெக்கிறேன் சார்" என்றார் என் வீட்டுக்காரர்.

"தெலுகுலோ ராயாலி. இது இப்போ ஆந்திரா." தெலுங்கில்தான் எழுத வேண்டுமாம்.

பக்கத்தில் பொரி விற்ற பாலசமுத்திரத்துக்காரர் உடனே எழுந்துவிட்டார். "அது இன்னா சார், வர்றவங்க பாதிப்பேரு தமிழாளுங்க. அவங்க விழுந்தா பரவால்லியா?"

அரைமணி நேரம் தர்க்கம் நடந்தது. கூட்டம் ராட்டினத்தை விட்டுவிட்டு இதை வேடிக்கை பார்த்தது. கடைசியில் மேலே தெலுங்கு, கீழே தமிழ் என்று முடிவாகி, கொழுந்தன் பெரிய பலகையில் இரண்டிலும் எழுதிக் கம்பத்தின் உச்சியில் கட்டினார். அதுதான் தப்பாகப் போயிற்று. படிக்கத் தெரிந்தவர்கள் தளத்தில் ஏறியதும் அண்ணாந்து போர்டைப் படித்தார்கள், படித்துக்கொண்டே விழுந்தார்கள். படிக்கத் தெரியாதவர்கள் காலைப் பார்த்து நடந்து தப்பித்தார்கள். போர்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்த அதிகாரியும் முதல் வரி முடிவதற்குள் குடையோடு சாய்ந்தார். என் வீட்டுக்காரர்தான் தாங்கிப் பிடித்தார்.

"நாளைக்குள்ள சரி செய்யலன்னா ராட்டினத்தக் கழட்டிடு" என்று சுத்தமான தமிழில் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு அடுப்புப் பக்கமே நான் போகவில்லை. ஏறுகிறவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. ஒரு பலகையில் மட்டும் யாரும் வழுக்கவில்லை. தெருப்பக்கம் இருந்தபோது, பெயிண்ட் காய்வதற்குள் திருப்பதி பஸ் ஒன்று புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போன பலகை அது. என் வீட்டுக்காரருக்கு அதைப் பார்த்தாலே வயிறு எரியும். யார் கண்ணிலும் படாமல் இருக்க, புழுதி அதிகம் ஒட்டிய இடத்தின் மேல்தான் தண்ணீர்க் குடத்தை வைப்பார். குடத்தை நகர்த்திவிட்டு ஈரக் காலோடு ஏறி நின்று பார்த்தேன். தேய்த்தும் பார்த்தேன். கால் பிடித்து நின்றது.

"இன்னாங்க, எல்லாப் பலகையும் இப்படி ஆக்கிடலாம். பெயிண்ட் அடிச்சு, காயறதுக்குள்ள மணலத் தூவிடலாம்."

"உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்குது? மூணு கோட்டு அடிச்சிருக்கேன்மே! அது மேல மண்ண வாரிப் போடச் சொல்றியே!"

"மீச பாக்கறதுக்குக் கண்ணாடி வாங்கித் தரேன்" என்றேன்.

கொழுந்தன் சிரித்துவிட்டார். என் வீட்டுக்காரர் முறைத்தார். ஆனால் ராட்டினத்தைக் கழற்றுவதா, மணலா என்றால் மணல்தானே?

மறுநாள் விடிந்ததும் கொழுந்தன் சுவர்ணமுகி ஆற்றிலிருந்து ஒரு மூட்டை மணல் கொண்டு வந்தார். அலசி வெயிலில் உலர்த்தினோம். அப்படியே போட்டால் காலைக் குத்தும். மாவாகச் சலித்தால் பெயிண்டுக்குள் முங்கிவிடும். என் சமையல் சல்லடைகள் இரண்டையும் எடுத்து ரவை பருமனுக்குச் சலித்தேன். என் வீட்டுக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே பெயிண்ட் அடித்தார். நான் பின்னாலேயே கோலப்பொடி தூவுகிற மாதிரி மணலைத் தூவினேன். ஒட்டாத மணலைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டு, மேலே இன்னொரு கோட்டு லேசாக அடித்தோம். நல்ல வேளையாக இரண்டு நாள் மழை இல்லை, காய்ந்தது. அதுவரை ராட்டினம் சுற்றவில்லை. கெடு தாண்டிவிட்டதால், அதிகாரி வருகிறாரா என்று கொழுந்தன் தெருமுனையில் காவல் இருந்தார்.

மணல் தூவிய மூன்றாம் நாள் அதிகாரி வந்தபோது என் வீட்டுக்காரர் ஒரு குடம் தண்ணீரைத் தளத்தில் கொட்டிவிட்டு, "நடங்க சார்" என்றார். அதிகாரி முதலில் குடையை ஊன்றினார், பிறகு ஒரு காலை வைத்தார், பிறகு மற்றக் காலை. ஒரு முழுச் சுற்று நடந்தார். இறங்கவில்லை. ஒரு குதிரை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "சுத்து" என்றார்.

அதற்குப் பிறகு அந்தத் திருவிழாவில் ஒருவரும் விழவில்லை. ஒரே ஒரு புகார் வந்தது. குதிரையில் இடம் கிடைக்காமல் தளத்தின் ஓரத்திலேயே குந்திக்கொண்ட ஒருவருக்குப் புது வேட்டியின் பின்பக்கம் சல்லடையாகிவிட்டது. அவருக்கு என் வீட்டுக்காரரின் வேட்டி ஒன்றைக் கொடுத்து அனுப்பினோம்.

மறு வருஷம் சித்தூரில் கடை போட்டபோது இன்னொரு ராட்டினக்காரர் வந்து எங்கள் தளத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். "இது யார் யோசன அண்ணே?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் மீசையை நீவிக்கொண்டு, "நானேதான். ரொம்ப நாளா மண்டைல ஓடிக்கினே இருந்துச்சு" என்றார்.

நான் அன்னப்பட்சியில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன். அன்றைக்கு அவருக்கு ஊற்றிய சாம்பாரில் மட்டும் உப்புப் போட மறந்துவிட்டேன்.