ஒரோசியா மாற்றி வாசித்த வரி

ஒரோசியா லானுசாவுக்கு நாற்பத்தேழு வயது. ஸ்பெயினில் பதினான்கு வருடங்களாகத் தற்காலிகப் பள்ளி ஆசிரியை. பாடம் ஸ்பானிய மொழி. செப்டம்பர் பிறந்தால் கல்வி இலாகா ஒரு பட்டியல் போடும். அதில் அவள் பெயருக்கு எதிரே எந்த ஊர் இருக்கிறதோ அங்கே போய் வாடகைக்கு அறை பிடிப்பாள். ஒரு வருடம் ஃப்ராகா, அடுத்த வருடம் ஹாகா, அப்புறம் கலமோச்சாவின் குளிர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சரகோசாவில் இருக்கும் தன் வீட்டுக்கு வந்து, ஞாயிறு மதியம் சாப்பிட்ட தட்டைக் கழுவாமலே கிளம்பிவிடுவாள். இருக்கிற இரண்டு நாளும் உட்கார மாட்டாள். அலமாரியைத் துடைப்பாள். துடைத்ததையே திரும்பவும் துடைப்பாள்.

"கொஞ்சம் உக்காரேன். உன்னப் பாத்தாலே எனக்கு மூச்சு வாங்குது" என்பான் கணவன் பாஸ்குவால். அவன் குழாய் ரிப்பேர்க்காரன்.

நிரந்தர வேலைக்கு அரசுத் தேர்வு ஒன்றுதான் வழி. ஐந்து தடவை எழுதி, ஐந்து தடவையும் அரைப் புள்ளி, கால் புள்ளியில் நழுவவிட்டாள். இந்த ஜூலை ஆறாவது. இதிலும் போனால் இனி எழுதுவதில்லை என்று சொல்லிவிட்டாள்.

தேர்வன்று பையிலிருந்து எண் போட்ட பந்துகளைக் குலுக்கி எடுத்தார்கள். அந்த எண்களுக்குரிய தலைப்புகளில் ஒன்றை எழுத வேண்டும். எழுதியதை உறையில் போட்டு ஒட்டிவிடுவார்கள். சில நாள் கழித்து எழுதியவரே வந்து, ஐந்து நடுவர்கள் முன்னால் உறையைப் பிரித்துத் தன் தாளை உரக்க வாசிக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் பின்னால் உட்கார்ந்து கேட்கலாம். ஒரு சொல்லை மாற்றி வாசித்தாலும் தாள் செல்லாமல் போகலாம்.

அவளுக்கு வாய்த்த தலைப்பு, வினையை எப்போது எந்த விகுதியும் ஒட்டாமல் அப்படியே விடுவது என்பது. பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டே அவள் வருடா வருடம் நடத்திய பாடம் அது. "ஆசை யாருக்கு? செய்யப்போறது யாரு? ரெண்டும் ஒரே ஆளா? அப்ப வினையைச் சும்மா விடு. வேற ஆளு செய்யணுமா? அவரோட விகுதியை மாட்டு." இதைச் சொல்ல அவளுக்குப் புத்தகம் வேண்டாம். கடைசிப் பத்து நிமிடம் இருந்தபோது உதாரணங்களைக் கை தானாக எழுதிக்கொண்டு போயிற்று.

வாசிக்கும் நாள் வகுப்பறைச் சுவர்கூடச் சுட்டது. பாஸ்குவால் கூப்பிடாமலே லீவு போட்டுவிட்டு வந்து, காகிதத்தில் சுற்றிய முட்டை ரொட்டியோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஆறு பக்கம் நன்றாகத்தான் போயிற்று. ஏழாவதில் உதாரணங்கள்.

"வீட்டில் இருக்க விரும்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் தூங்க விரும்புகிறேன்."

காது சிவக்க வாசித்தாள். அடுத்தது, ஆசை ஒருவருக்கும் செயல் இன்னொருவருக்குமான உதாரணம். தாளில் இருந்தது: 'நான் எங்காவது போய்விட வேண்டும் என்று என் கணவர் விரும்புகிறார்.' அவள் நாக்கு, 'என் கணவர்' என்ற இடத்தில் 'பக்கத்து வீட்டுக்காரர்' என்றது. யாரும் தலை நிமிரவில்லை. வாசித்து முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

நடைக்கூடத்தில் பாஸ்குவால் ரொட்டியை நீட்டினான். "நல்லா வாசிச்ச. எந்தப் பக்கத்து வீட்டுக்காரனுக்கு உன் மேல அவ்ளோ கோவம்?"

அவள் ரொட்டியை வாங்கவில்லை. நடைக்கூடத்தின் கோடி வரை போனாள், வந்தாள், மறுபடி போனாள்.

"என்ன ஆச்சு இப்ப?"

"ஒரு நிமிஷம் இரு."

கதவைத் தட்டி உள்ளே போனாள். அடுத்தவர் அப்போதுதான் உறையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"மன்னிக்கணும். நான் ஒரு இடத்துல எழுதினத மாத்தி வாசிச்சிட்டேன்."

நடுவர் தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, நீங்களா வந்து சொல்லலைன்னா எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தாள் உங்ககிட்டதான இருக்கு. நீங்க எப்பப் பாப்பீங்களோன்னு என்னால காத்துக்கிட்டு இருக்க முடியாது."

ஐந்து பேரும் தலைகளைச் சேர்த்துக் குசுகுசுத்தார்கள். "அந்த வரியை எழுதினபடி வாசிங்க. செல்லுமா செல்லாதான்னு அப்புறம் முடிவு பண்றோம்."

கதவு திறந்தே கிடந்தது. பாஸ்குவால் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் வாசித்தாள்.

மாடிப்படியில் இறங்கும்போது அவன் கேட்டான். "நான் எப்ப அப்படி விரும்பினேன்?"

"வாயால சொல்லல. நான் ஊர்ல இல்லாத நாள்ல பாடிக்கிட்டே இருக்கியாமே. கீழ்வீட்டு ரெமேதியோஸ் சொன்னா. நான் இருக்கும்போது பாடி நான் கேட்டதில்ல."

"நீ இருக்கும்போது எங்க ஒரு இடத்துல நிக்கிற? துணியோட ஓடுற உன் பின்னாலயே ஓடிக்கிட்டு எப்படிப் பாடுறதாம்?"

அவள் ரொட்டியில் பெரிய பாதியைப் பிய்த்துக்கொண்டாள்.

தாள் செல்லும் என்று முடிவாயிற்று. தேர்வின் இரண்டாவது கட்டத்தையும் தாண்டி, நிரந்தர வேலைக்கான கடைசி இடங்களில் ஒன்றைப் பிடித்தாள். சரகோசாவிலிருந்து பஸ்ஸில் நாற்பது நிமிடத் தூரத்தில் ஒரு ஊர். தினமும் வீட்டுக்கு வந்துவிடலாம். முதல் வாரம் முழுக்க, காலி இருக்கைகள் இருந்தும், கம்பியைப் பிடித்து நின்றபடியே வந்தாள். சரகோசா தாண்டிப் போய்விடவில்லையே என்று ஓட்டுநரிடம் இரண்டு தடவை கேட்டாள்.