பெயர் போடாத நாடகம்

டைபாய்டில் ஒரு வருடப் படிப்பு போன பிறகும் வகுப்பில் முதலிடம். இடது கைச் சுண்டுவிரல் மடங்காமலேயே தட்டச்சு உயர்நிலைத் தேர்ச்சி. அதுவரை ஆண்கள் மட்டுமே உட்கார்ந்த திருச்சபை அலுவலகத்தில் எழுத்தர் வேலை. நான்கு இடங்களில் கைவிரித்த பிறகு, ஐந்தாவதாகத் தன் நாடகத்துக்கு ஓர் அரங்கம். மகனை மேடையேற்ற மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்ற இரண்டு தாய்மாரின் சம்மதம். இத்தனையும் தங்கை தானாக வென்றவை. எட்டாம் வகுப்போடு நின்ற எலக்ட்ரீஷியன் அண்ணன், இதில் ஒன்றையும் விடாமல் இப்போதெல்லாம் பார்ப்பவர்களிடமெல்லாம் வரிசையாகச் சொல்லுவார்.

நாடகம் முதன்முதலில் அரங்கேறிய மாலையில் அவர் வாயிலிருந்து இதில் ஒன்றும் வரவில்லை. 

விளக்குப் பலகை அரங்கத்தின் பின்சுவரோரம் இருந்தது. பக்கத்தில் அவருடைய நோட்டு. எந்த வசனத்துக்கு எந்த விளக்கு, எத்தனை எண்ணிக்கையில் ஏற வேண்டும், இறங்க வேண்டும் என்று நாற்பத்தொரு குறிப்புகள். நாடகத்தில் பாடகர் குழுவில் பாடும் பதினாறு வயதுப் பையன்கள் இருவர் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். விஷயம் சபைக்குத் தெரிந்துவிடுகிறது. துண்டறிக்கையில் 'எழுதியவர்: நம் ஊர்க்காரர் ஒருவர்' என்று மட்டும் போட்டிருந்தார்கள். அந்த ஒருவர் யாரென்று தெரிந்தால் திங்கட்கிழமை காலை தங்கைக்கு அலுவலகத்தில் நாற்காலி இருக்காது.

"அண்ணா, மூணாவது வரிசை," என்றாள் அவருக்குப் பக்கத்தில் நின்றிருந்த தங்கை.

சபைச் செயலர். மடித்த குடையைத் தொடைமேல் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"வேடிக்கை பார்க்க வந்திருப்பாரு. நீ சும்மா இரு, குட்டி."

"அவர் எதையும் வேடிக்கை பார்த்ததே இல்ல."

அரை மணி நேரம் ஓடியது. இருபத்தேழாவது குறிப்பு: நீல விளக்கு, மெதுவாக. மேடையில் சபைப் பெரியவராக நடித்தவர் ஒரு கடிதத்தைப் பிரித்துப் படித்தார்: "மனந்திரும்பியதற்குச் சாட்சி கிடைக்கும்வரை, இவரது குரல் பாடகர் குழுவுக்குத் தேவைப்படாது."

மூன்றாவது வரிசையில் அந்தத் தலை வெடுக்கென்று திரும்பியது. மேடையைப் பார்க்கவில்லை. கூட்டத்துக்குள் யாரையோ தேடியது.

தங்கை அண்ணனின் சட்டைக் கையைப் பிடித்தாள். 

"அண்ணா, அந்த வரி நெஜம். போன வருஷம் ஒரு பையனை நீக்கினாங்கல்ல, அவன் வீட்டுக்குப் போன கடிதம். நான்தான் டைப் அடிச்சேன்."

அண்ணன் நோட்டிலிருந்து கண்ணை எடுத்தார். இந்த நாடகத்தைப் பதினோரு முறை படித்திருக்கிறார். ஒரு கால்புள்ளியைக்கூட விட்டதில்லை. இது தெரியாமல் போயிற்றே!

"யார் யாருக்குத் தெரியும்?"

"போதகருக்கு, செயலருக்கு, அந்த வீட்டுக்கு. அப்புறம் எனக்கு."

"ஏம்மா, மாத்தி எழுதியிருக்கக் கூடாதா?"

"எத்தனை தடவை மாத்தினேன் தெரியுமா? வேற எதை எழுதினாலும் பொய்யா இருந்துச்சு."

மிச்சமிருந்த குறிப்புகளை அவர் கை செய்தது. மனம் செயலரின் பிடரியிலேயே கிடந்தது. இப்போது எழுந்திருப்பார், இப்போது கத்துவார் என்று ஒவ்வொரு வசனத்துக்கும் எதிர்பார்த்தார். செயலர் அசையவே இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

கடைசி வசனம் முடிந்தது. இருட்டு. குறிப்பு நாற்பத்தொன்று: ஐந்து எண்ணிவிட்டு அரங்க விளக்குகள். அண்ணன் ஐந்து எண்ணினார். பத்தும் எண்ணினார். விளக்கைப் போட்டால் அந்த முகம் திரும்பும், தங்கையைப் பார்க்கும். விசையின் மேலிருந்த விரல் நகரவில்லை.

"கரண்டு போச்சா?" என்றது ஒரு குரல்.

"லைட்டுக்காரர் அழுதுட்டிருக்காரு போல," என்றது இன்னொன்று. இரண்டு பேர் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்குவதற்குள் மூன்றாவது வரிசையிலிருந்து செயலரின் குரல் கேட்டது. "இதை எழுதினது யாரு? ஆண்பிள்ளையா இருந்தா எழுந்து சொல்லட்டும்."

அண்ணன் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்தார். பேசாதே என்று சொல்லத்தான் பிடித்தார். அவள் கையை உருவிக்கொண்டாள்.

"பொம்பளைப் பிள்ளைதான் சார். நான்தான்."

அண்ணன் எல்லா விளக்குகளையும் ஒரே இழுப்பில் போட்டார்.

கண்ணைக் கசக்கிக்கொண்டு எல்லோரும் பின்னால் திரும்பினார்கள். சிலர் எழுந்து வெளியேறினார்கள். ஓர் அம்மா கைதட்டினார், பிறகு பத்துப் பதினைந்து பேர் தட்டினார்கள், அதற்குமேல் ஏறவில்லை. செயலர் குடையை ஊன்றியபடி நடந்து வந்து, விளக்குப் பலகையின் மேல் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் வைத்தார்.

"வாயால சொன்னா நாளைக்கு இல்லைன்னுடுவ. எழுதிக் குடு. கமிட்டில வைக்கணும்."

"வேண்டாம் குட்டி," என்றார் அண்ணன். 

அவள் நின்றபடியே எழுதினாள். நாடகம் என்னுடையது. அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்ததும் நான்தான். கீழே பெயர். அதுவரை அவள் அடித்த தாள்களிலெல்லாம் வேறு யாரோதான் கையெழுத்துப் போட்டார்கள். 

செயலர் தாளுக்குக் கை நீட்டினார். அண்ணன் தாளின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார்.  இரண்டு வரியையும் முழுதாகப் படித்தார்.

"தேதி போடல பாரு," என்றார் தங்கையிடம். "போடும்மா."

போட்டாள். 14 மார்ச் 2015, சனிக்கிழமை.