கொழுந்து லொறியில் ஆறு கிலோமீட்டர்

காலை 9.10. ஹட்டன் பஸ் கொட்டகலையில் இறக்கிவிட்டபோது தூறல். நண்பன் வீடு இருக்கும் தோட்டம் அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் மேலே. ஆட்டோக்காரர் ஆயிரத்து இருநூறு ரூபாய் கேட்டார். "அந்த ரோட்டுல வந்தா என் ஆட்டோவுக்கு யாருங்க வைத்தியம் பாக்குறது?" என்று நியாயமும் சொன்னார். நண்பனுக்குப் போன் அடித்தேன். "பேசாம நில்லு, எங்க தோட்டத்து லொறி வரும்" என்றான்.

9.40. லொறி வந்தது. ஓட்டுநர் செல்வராஜுக்கு நாற்பது வயதிருக்கும். பெண்கள் பறித்த கொழுந்தை நிறுத்து வைக்கும் கொட்டகைக்கு இங்கே மடுவம் என்று பெயர். அங்கே சாக்குகளை ஏற்றி, சூடேறுமுன் தேயிலை ஆலையில் சேர்ப்பது அவர் வேலை.

"ஏறுங்கண்ணே. சீட்டுல ஒரு ஸ்பிரிங் குத்தும், பாத்து ஒக்காருங்க."

குத்தத்தான் செய்தது. ரோடா அது! பள்ளத்துக்கு நடுவே அங்கங்கே கொஞ்சம் தார்.

மனுஷர் ஏதோ யோசனையிலேயே இருந்தார். கேட்டதும் கொட்டிவிட்டார். மனைவியின் அண்ணன் நுவரெலியாவில் சுற்றுலா வேன் வாங்கி, ஓட்டக் கூப்பிடுகிறாராம். சம்பளம் கூட. இன்றைக்குப் பதினொரு மணிக்குள் பதில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள். போன வாரம் மூன்று நாள் ஓட்டியும் பார்த்துவிட்டார்.

"எப்படி இருந்துச்சு?"

"அத ஏண்ணே கேக்குறீங்க! நானுஓயா ஸ்டேஷன்ல வெள்ளக்காரங்கள ஏத்திக்கிட்டு வர்றேன். வழியில ஒரு மடுவம். காலு தானா பிரேக்கப் போட்டுருச்சு. அது போதாதுன்னு ரிவர்ஸ் எடுத்து, வேனோட பின்பக்கத்த மடுவத்து வாசல்ல வச்சு ஹோனும் அடிச்சிட்டேன். பொம்பளைங்க சாக்கோட வந்து நிக்கிறாங்க. வெள்ளக்காரங்க போட்டோவா எடுத்துத் தள்ளுறாங்க. பக்கத்துல ஒக்காந்திருந்த மச்சான் மூஞ்சியத்தான் பாக்க முடியல."

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

10.20. மேல் மடுவம். மழை வலுத்திருந்தது. "வேன்காரத் தொர வந்துட்டாருடி!" என்று பெண்கள் ஒரே கேலி. சாக்குகள் ஏறிக்கொண்டிருக்க, தேயிலைச் செடி கிழிக்காமல் இடுப்பில் சுற்றும் படங்குத் துணியோடு ஒரு பெண் ஜன்னலருகே வந்தார். செல்வராஜின் மனைவி லெச்சுமி.

"அண்ணனுக்குச் சொல்லியாச்சா?"

"இல்ல."

"இன்னும் என்னத்த யோசிக்கிறீங்க? இந்த லொறி ஒங்க இடுப்ப ஒடச்சிருச்சு. தைலம் தேய்க்கிற எனக்குத்தான தெரியும்."

நான் மனதுக்குள் லெச்சுமி பக்கம்தான். நாற்பது நிமிடத்தில் என் இடுப்பே கழன்றிருந்தது.

செல்வராஜ் குரலை உயர்த்தவில்லை. "வேன்ல வர்றவங்க எறங்குனா திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. இங்க ஹோன் கேட்டதும் எல்லாரும் எந்திரிச்சு வர்றீங்க. எனக்கு அது புடிச்சிருக்கு. என்ன பண்ணச் சொல்ற?"

சாக்கு தூக்கிக்கொண்டிருந்த ஒரு அக்கா குறுக்கிட்டார். "போன வாரம் இவருக்குப் பதிலா வந்தவன் மூணு நாளும் நம்மள இருட்டுற வரைக்கும் நிக்க வச்சானேடி. நீயுந்தான நனைஞ்சுக்கிட்டு நின்ன?"

லெச்சுமி ஜன்னலுக்குள் கையை நீட்டினார்.

"போனக் குடுங்க. நீங்க பேசுனா ஒளறுவீங்க." வாங்கி அண்ணனை அழைத்தார். "அண்ணே, இவரு வரமாட்டாரு. வேற ஆளப் பாத்துக்கங்க. ஆமா, நாந்தான் சொல்றேன்."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறிவிட்டார். "பாத்தீங்களாண்ணே என் பொண்டாட்டிய!" என்று சொல்லி, செல்வராஜ் ஒரு முறை ஹோன் அடித்தார்.

மூன்றாம் நாள் கொழும்புக்குத் திரும்பினேன். கினிகத்தேனையில் தேநீருக்காக பஸ்ஸை நிறுத்தினார்கள். எனக்குக் கொழும்பில் பத்து வருடமாக ஒரே அலுவலகம், நல்ல சம்பளம், மெத்தென்ற நாற்காலி. போனை எடுத்துப் பார்த்தேன். மூன்று நாளாக ஆளைக் காணோமே என்று அலுவலகத்திலிருந்து ஒருத்தர்கூட அழைத்திருக்கவில்லை.