மூன்றாம் நாள் சாப்பாடு

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை ஸில்மியா வெளிநாடு போனாள். ஜும்ஆ முடிந்து சாய்ந்தமருதுத் தெருக்களில் ஆட்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தபோது, கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகும் வேன் அவள் வாசலில் வந்து நின்றது. கோலாலம்பூரில் ஆறு மாதம். கண்டிக்கு அப்பால் போயிராத என் மாமி மகள் போகிறாள். துருக்கி, ஜோர்ஜியா, மலேசியா என்று எட்டு வருடம் அலைந்துவிட்டு வந்தவளான நான் அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிறேன்.

"என்னகா இது, கல்லா வெச்சிரிக்காய்?" என்றேன்.

"உம்மா இடிசம்பல் போட்டிரிக்கா. அங்க சோறே இல்லண்டு நெனச்சிட்டா."

"அங்கயும் சோறுதான் திங்கிறாங்க. நான் திண்டிரிக்கன்."

அதை எப்படியாவது அவளுக்குச் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது.

இந்தப் பயணம் கிடைத்த இடத்துக்கு அவளைக் கூட்டிப்போனதே நான்தான். ஒலுவில் பல்கலைக்கழகத்தில் சனிக்கிழமைகளில் தொழில்நுட்பத்தைக் கொண்டு புதுத் தொழில் தொடங்குவது பற்றி ஒரு விரிவுரைத் தொடர் நடந்தது. வெளியாரும் போகலாம். கடைசிச் சனிக்கிழமை எல்லோரும் தங்கள் திட்டத்தைச் சொல்ல வேண்டும். பிடித்துப்போன ஒருவரைக் கோலாலம்பூர் நிறுவனமொன்று அழைத்துக்கொள்ளும். அந்த ஒருவர் நான்தான் என்று முதல் நாளே முடிவு செய்திருந்தேன். ஊரில் எனக்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. தனியே போக அலுப்பாக இருந்ததால் ஸில்மியாவைத் துணைக்கு அழைத்தேன். அவள் ஒரு துணிக்கடையில் கணினியில் பில் போடுபவள். சனிக்கிழமை லீவு கேட்டுக்கொண்டு வந்தாள்.

அக்கரைப்பற்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் நான் விளக்குவேன், அவள் தலையாட்டுவாள். அவளுக்கென்று ஒரு திட்டம் இருந்தது கடைசிக் கிழமைதான் எனக்குத் தெரிந்தது.

அவளுடைய வாப்பா மௌத்தானபோது, முதல் நாள் வீட்டுக்குள் சட்டி வைக்க இடமில்லையாம். சாவு நடந்த மையத்து வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதென்று அயலும் உறவும் சோறு கறி அனுப்பும். எல்லோரும் முதல் நாளே அனுப்பினார்கள். பாதி கெட்டுப்போனது. மூன்றாம் நாள் ஒருவரும் அனுப்பவில்லை. தம்பிமாருக்கு அவள் முட்டை பொரித்தாள். அதிலிருந்துதான் இதை யோசித்தாளாம். கைத்தொலைபேசியில் ஒரு பக்கம். எந்த வீட்டில் மையத்து, எந்த வேளைச் சாப்பாடு இன்னும் ஆளில்லாமல் கிடக்கிறது என்று அதில் தெரியும். கட்டாரில் இருப்பவரும் ஒரு வேளையை எடுத்து, ஊரில் சமைக்கும் பெண்ணுக்குக் காசு அனுப்பலாம்.

நான் பெரிய திரையில் இஸ்தான்புல் படங்களோடு என் சுற்றுலாத் திட்டத்தைச் சொன்னேன். அழகாயிருக்கிறது என்றார் தமிழ் தெரியாத வருகை விரிவுரையாளர். ஸில்மியா ஒரு படமுமில்லாமல் தமிழில் பேசினாள். ஆங்கிலத்தில் சொல்ல என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

"எல்லாரும் முதல் நாளத்தான் கேப்பாங்க. அண்டைக்குத்தான் சனம் வந்து பாக்கும், ஆர் அனுப்பினதெண்டு கேக்கும். நான் அவங்கள மூணாம் நாளுக்குத் தள்ளுவன்" என்றாள் ஸில்மியா.

"எப்படித் தள்ளுவீர்கள்?" என்று அவர் கேட்டார்.

"மூணாம் நாள் சோறு தந்தவரப் பத்தித்தான் எங்கட வீட்டில இண்டைக்கும் கதைக்கிற எண்டு சொல்லுவன்."

"உங்கள் வீட்டுக்குத்தான் ஒருவரும் தரவில்லையே?"

"அதால என்ன சேர். அது அவங்களுக்குத் தெரியாதே."

மண்டபம் சிரித்தது. ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன். என் வாயாலேயே அவள் என்னைவிட நன்றாகப் பேசினாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவள் போன பிறகு அந்தப் பக்கத்தை நான் பார்த்துக்கொண்டேன். அவள் வரும்வரை என்றுதான் பேச்சு. துருக்கியில் நான் முன்பு இருந்த பயண முகவர் அலுவலகம் என்னை மறுபடி வேலைக்குக் கேட்டிருந்தது. ஸில்மியா வந்ததும் புறப்படுகிறேன் என்று அவர்களுக்கு எழுதியிருந்தேன்.

மருதமுனையில் ஒரு மௌத்து. தோஹாவிலிருந்து நளீம் என்று ஒருவர் அழைத்தார்.

"ராத்தா, எனக்கு முதல் நாள் பகல் தாங்க."

"அது போயிட்டு தம்பி. மூணாம் நாள் இரவு இரிக்கி."

"அதில ஆரு ராத்தா பாக்கிற? ஸில்மியா ராத்தா எண்டா எப்பிடியும் தருவா."

"அவவும் தரமாட்டா."

"ஆனா அவ சொன்னா கேக்க நல்லா இரிக்கும்."

கடைசியில் மூன்றாம் நாளை எடுத்துக்கொண்டார். எனக்காக அல்ல, அவளுக்காக.

ஆறு மாதம் முடிந்தும் அவள் வரவில்லை. நீட்டியிருக்கிறார்கள் என்று மாமி சொன்னார். துருக்கிக்கு இரண்டு முறை தவணை கேட்டு எழுதினேன். அடுத்த ஹஜ்ஜுப் பெருநாளும் வந்துபோனது. அதற்குப் பிறகுதான் அவளிடமிருந்து செய்தி வந்தது:

"மச்சி, இன்னும் ரெண்டு வருசம் நிக்கச் சொல்றாங்க. ஓம் எண்டுட்டன். சாப்பாட்டு வேலைய உன்ட பேருக்கே மாத்தி விடட்டா? நீதான் நாடெல்லாம் பாத்து முடிச்சிட்டாயே."