கூடம் கோணல்தான்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கிறது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். நின்றுவிட்டுப் போகட்டும். நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு பால் சொசைட்டியில் ஒரு அக்காவை வேலையை விட்டு எடுக்கப் பார்த்தார்களே, அதை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

தர்மபுரி டவுனில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் புரோகிராம் எழுதுவது என் வேலை. சொசைட்டியில் பாலை ஊற்றியதும் அளவும் கொழுப்பும் கம்ப்யூட்டரில் ஏறி, ஊற்றியவர் கைக்கு ஒரு சீட்டு வரும். அந்தச் சீட்டைப் போடுவது எங்கள் கம்பெனி புரோகிராம். அதன் முன்னால் உட்கார்ந்து நம்பரை அழுத்துவது அந்த அக்கா. அவர் கணவருக்கு பெங்களூருவில் கட்டட வேலை. எப்போது வருவார், எப்போது போவார் என்று அவருக்கே தெரியாது. மகளின் நர்சிங் படிப்பு அக்காவின் சம்பளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

திடீரென்று சீட்டு வரத் தாமதமாக ஆரம்பித்து, சில மாதங்களாக அப்படியே இருந்தது. காலையில் வரிசை கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்துவிடும். டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் திட்டுவார்கள், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டியவர்கள் திட்டுவார்கள், பால் வண்டிக்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருப்பார். எல்லாத் திட்டும் அக்காவுக்குத்தான். "கையில என்ன, மருதாணியா வெச்சிருக்க?" என்று ஒருவர் கேட்டாராம், வரிசையே சிரித்ததாம். கடைசியில் சொசைட்டிக் கமிட்டி கூடி, மாதம் முடிந்ததும் வேறு ஆளைப் போடுவது என்று பேசி வைத்தார்கள். ஆள் வேகம் போதவில்லை என்று எழுதித் தரும்படி எங்கள் கம்பெனியைக் கேட்டார்கள். ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோவில் ஆண்டி, வேறென்ன?

எங்கள் மேனேஜர் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நம்ம ஆபீஸ்ல போட்டுப் பாரும்மா, சொடக்கு போடறதுக்குள்ள சீட்டு வருது" என்றார். போட்டுப் பார்த்தேன். வந்தது, உண்மைதான். ஆனால் எனக்கு அந்தப் பழமொழி மேலேயே அன்றைக்குக் கோபம் வந்தது. கூடம் நிஜமாகவே கோணலாக இருந்தால்? ஆடுகிறவளைப் பார்த்துச் சிரித்தவர்களில் ஒருத்தராவது கூடத்தை அளந்து பார்த்தார்களா?

ஆபீஸில் ஓடுவதைப் பார்த்துப் பிரயோசனமில்லை, அங்கே பால் ஊற்றுகிற நேரத்தில், ஓடும்போதே பார்க்க வேண்டும் என்றேன். ஓடுகிற வண்டியில் கை வைக்காதே, வரிசை நிற்கும்போது நின்றுபோனால் யார் பதில் சொல்வது என்று அவர் குதித்தார். பார்ப்பது வேறு, கை வைப்பது வேறு என்று நான் மல்லுக்கு நின்றேன். போகிறதானால் லீவு போட்டுவிட்டுப் போ என்றார். லீவு போட்டுவிட்டே போனேன்.

நான் செய்யப் போனதற்குப் புரொஃபைல் எடுப்பது என்று பேர். ஒரு வீட்டில் அப்படி என்னதான் நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால், அந்தப் பக்கம் போகும்போதும் வரும்போதும் சும்மா எட்டிப் பார்த்தால் போதும். பத்துத் தடவை எட்டிப் பார்த்து எட்டுத் தடவை அவர்கள் டிவி முன்னால் இருந்தால், பொழுது எங்கே போகிறது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஓடுகிற புரோகிராமையும் அப்படித்தான். அதற்கென்றே உள்ள ஒரு சின்னக் கருவி கண் இமைப்பதற்குள் பல தடவை எட்டிப் பார்த்து, புரோகிராம் இப்போது எந்த வேலையில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளும். ஓட்டம் நிற்காது, வரிசைக்கும் தெரியாது.

அன்று காலை அக்கா என் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தன்னை எடுப்பதற்கு எழுதித் தர வந்தவள் என்று நினைத்திருக்கிறார். அவர் கை நம்பரை அழுத்திவிட்டு அடுத்த கேனுக்குப் போய்விடுகிறது. அப்புறம் சும்மா நிற்கிறது. திரையில் ஒரு வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, வரிசையிலிருந்து திட்டு வருகிறது.

பால் நேரம் முடிந்ததும் எடுத்ததைப் படமாகப் போட்டேன். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பட்டை. எந்த வேலை நேரத்தைத் தின்கிறதோ அதன் பட்டை அகலமாக இருக்கும். கொழுப்பைப் படிப்பதற்கு ஒரு கீற்று. கணக்குப் போடுவதற்கு ஒரு கீற்று. இவற்றுக்கு நடுவில், ரோட்டை மறித்துப் படுத்த எருமை மாதிரி ஒரே ஒரு பட்டை. ஒரு போட்டோவைச் சின்னதாக்குகிற வேலை அது.

போட்டோ எங்கிருந்து வந்தது என்று தேடினேன். புதிதாக வந்த சொசைட்டித் தலைவர், சீட்டின் தலையில் தன் முகம் வர வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார். ஆசைப்படட்டும். ஆனால் அவர் அனுப்பியது கூட்ரோட்டில் வைக்கிற ஃபிளக்ஸ் பேனருக்காக எடுத்த போட்டோ. எங்கள் மேனேஜர் தலைவரைக் குளிர்விக்கிற அவசரத்தில் ஆபீஸிலிருந்தபடியே அதை அப்படியே ஏற்றிவிட்டார். ஒவ்வொருவர் பால் ஊற்றும்போதும் புரோகிராம் அந்தப் பேனர் அளவு முகத்தைத் திறந்து, கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கி, சீட்டில் அடிக்கிறது. அடுத்தவருக்கு மறுபடியும் முதலிலிருந்து. ஆபீஸில் நாங்கள் சோதிக்க வைத்திருந்ததில் அந்த இடத்தில் ஒரு பொடிப் படம்தான் இருந்தது.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் ரத்தம் கொதித்தது. ஒருத்தர் முகத்துக்காக ஊரே பாலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. வசவு மட்டும் அந்தப் பெண்ணுக்கு.

கமிட்டியில் படத்தைக் காட்டினேன். தலைவர் முகம் சுருங்கியது. "அப்ப என் போட்டோவை எடுத்துரச் சொல்றியா?" என்றார். எடுக்க வேண்டாம், ஒரு தடவை சுருக்கி வைத்துக்கொண்டால் போதும் என்று அங்கேயே செய்து காட்டினேன். சீட்டு சொடக்குப் போடுவதற்குள் வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். அக்காவை எடுக்கிற பேச்சை யாரும் அப்புறம் எடுக்கவில்லை. அவ்வளவுதான், ஆகிவிட்டது என்று நினைத்தேன். மறுநாள் மேனேஜர் எழுதிய அறிக்கையைப் பார்க்கிறேன்: ஆபரேட்டருக்குப் பயிற்சி கொடுத்தபின் வேகம் கூடியது! போட்டோவை ஏற்றிய கைதான் அதை எழுதியிருந்தது. அவர் மேசை முன்னால் போய் நின்றேன். பயிற்சி கொடுக்கிற அளவுக்கு அந்த அம்மா என்ன தப்புச் செய்தார், நீங்கள் செய்ததை எழுதுங்கள் என்றேன். ஆபீஸே திரும்பிப் பார்த்தது. முனகிக்கொண்டே "தொழில்நுட்பக் கோளாறு" என்று மாற்றினார். யார் செய்த கோளாறு என்று எழுதவில்லை.

ஒரு வாரம் கழித்துப் போனேன். வரிசை கேட்டுக்குள்ளேயே அடங்கியிருந்தது. மருதாணிக்காரரே என்னிடம் வந்து மெஷின் இப்போது நன்றாக ஓடுகிறது என்று பாராட்டினார். அக்காவிடம் சந்தோஷம்தானே என்று கேட்டேன்.

"வேலை போவலீங்க மேடம், அது சந்தோசந்தான். மெஷினு சரியாயிடுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. உம்மேல தப்பில்லம்மான்னு ஒருத்தரும் சொல்லலீங்களே" என்றார். கை நம்பரை அழுத்திக்கொண்டுதான் இருந்தது.

அங்கேயே வரிசையைப் பார்த்துத் திரும்பினேன். இத்தனை மாதமும் தப்பு எங்கள் கம்பெனியுடையது, இவங்க கை என்றைக்கும் தாமதித்ததில்லை என்று கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். மருதாணிக்காரர் தன் கேனையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முறை வந்தது.

"தெரியாம பேசிப்புட்டேன்மா" என்றார்.

"ஊத்துங்கண்ணா, வண்டி வந்துரும்" என்றார் அக்கா.

தலைவரும் மேனேஜரும் அந்த ஒரு வார்த்தையை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. தினமும் காலையில் அக்கா கிழித்துக் கொடுக்கிற ஒவ்வொரு சீட்டின் தலையிலும் தலைவர் மட்டும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.