உலையில் குறைந்த ஈயம்

ஒன்பதாம் வகுப்புக்குப் பொருண்மை அழியா விதியை நடத்தும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். பிள்ளைகள் மேல் கோபமில்லை, அந்த விதியின் மேல்தான். வினைக்கு முன்னால் எவ்வளவு எடையோ, வினை முடிந்த பின்னும் அவ்வளவே எடை. எதுவும் அழிவதில்லை, புதிதாக உண்டாவதும் இல்லை. இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தபடியே நிற்பேன். டீச்சருக்குத் தலைவலி என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

எண்பதுகளில் நாங்கள் ஓசூரில் தொழிற்பேட்டையை ஒட்டி ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். ஒரு பக்கத்து வீட்டில் கன்னடம் பேசுவார்கள், மறுபக்கத்தில் தெலுங்கு, எங்கள் வீட்டில் தமிழ். நான் கெலமங்கலம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பெற்றோர் ஆசிரியர் கழகம் வைத்த தற்காலிக டீச்சர். பள்ளிக்கூடம் திறந்திருக்கும் மாதங்களில் மட்டும் சம்பளம், அதுவும் போய் நின்று கேட்டால்தான் வரும். எங்கள் அடுப்பு எரிந்தது என் வீட்டுக்காரர் உழைப்பில்தான். அவர் போச்சம்பள்ளிப் பக்கம் தலைமுறையாகக் கூலி வேலை செய்த குடும்பத்துப் பிள்ளை. ஊருக்கு வெளியே தகரக் கூரை போட்ட ஒரு பட்டறையில், பழைய லாரி பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுக்கும் உலையில் நின்றார்.

செத்த பேட்டரி என்பார் அவர். அதில் எதுவும் சாகவில்லை என்று நான் திருத்துவேன். உள்ளே ஈயமும் அமிலமும் வினைபுரிந்து மின்சாரத்தைக் கொடுத்து முடித்திருக்கின்றன. வெளியே போனது சக்தி மட்டும்தான், ஈயம் வேறு உருவத்தில் தகட்டோடு அப்படியே இருக்கிறது. அதைக் கரியோடு சேர்த்து உலையில் போட்டால், கரி எரிந்து சூட்டைக் கொடுக்கும். ஈயத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஆக்சிஜனையும் கந்தகத்தையும் அந்தச் சூட்டில் கரி பிரித்தெடுக்க, அவை புகையாகவும் கசடாகவும் போய்விடும். ஈயம் உருகிக் கீழே இறங்கும். உலையைப் பார்க்காமலே டீச்சரம்மா உலை ஓட்டுகிறாள் என்று கிண்டல் செய்வார். அப்போதெல்லாம் எங்கள் வீட்டில் சிரிப்புக்குக் குறைச்சல் கிடையாது.

பட்டறை முதலாளிக்கு ஒரு தீராத மனக்குறை இருந்தது. உள்ளே போகும் தகட்டை எடை போடுவார், வெளியே வரும் ஈயக் கட்டியை எடை போடுவார், கசடையும் விடமாட்டார். வர வேண்டிய ஈயம் முழுதாக வருவதில்லை. புகையில் கொஞ்சம் போகும் என்று அவருக்கும் தெரியும், அதைத் தள்ளியும் கணக்கு இடித்தது. வேலையாட்கள் திருடுகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார். சாயங்காலம் காவலாளி ஒவ்வொருவரையும் வாசலில் நிறுத்தித் தூக்குச்சட்டியைத் திறந்து பார்ப்பான், இடுப்பைத் தடவுவான், செருப்பைக் கழற்றச் சொல்வான். ஒருநாளும் ஒன்றும் அகப்படவில்லை. வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் சோற்றில் கை வைக்காமல் புழுங்குவார். மானத்தோடு பிழைக்கிறவனை இப்படித் தடவிப் பார்க்கிறார்களே என்பார்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் ஆளுக்கு ஓர் அச்சு வெல்லம் கொடுப்பார்கள். தொண்டையில் படிந்த தூசியை வெல்லம் வழித்துக்கொண்டு போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. மூக்குக்கு மறைப்பு கிடையாது, கைக்கு உறை கிடையாது, வெல்லம் மட்டும் தவறாமல் உண்டு. அப்படி நம்பினாலும், வீட்டில் பிள்ளை இருக்கிற யாரும் அதைத் தின்றதில்லை. காக்கிச் சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். எங்கள் வரிசையில் ஈயப் பட்டறைக்குப் போன எல்லா அப்பாக்களும் அப்படித்தான். காவலாளியும் வெல்லத்தைக் கண்டால் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவான்.

எங்களுக்கு ஒரே மகள், அப்போது ஆறு வயது. தெருமுனையில் அப்பா தலையைக் கண்டதும் ஓடுவாள். அவர் அவளை அள்ளித் தோளில் வைத்துக்கொள்வார். அவள் குனிந்து பைக்குள் கையை விட்டு, வெல்லத்தை எடுத்து, அங்கேயே கடிக்க ஆரம்பிப்பாள். அதன் மேல் சாம்பல் நிறத்தில் தூள் ஒட்டியிருக்கும். கண்ணில் பட்டால், அவர் அதை வாங்கிப் பெரிய அக்கறையோடு ஊதிவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்.

அடுத்த வருஷம் அவளுக்கு வயிற்றுவலி தொடங்கியது. முகம் வெளுத்தது. சாப்பாட்டைக் கண்டால் எரிந்து விழுந்தாள். கிருஷ்ணகிரி டாக்டர் பூச்சி மருந்தும் சத்து டானிக்கும் எழுதிக் கொடுத்தார். குருபரப்பள்ளியில் ஒருவரிடம் மந்திரித்துக் கயிறும் கட்டினோம். எதுவும் கேட்கவில்லை. தெருவில் மூன்று பாஷையிலும் வாயாடிக்கொண்டிருந்தவள் அவள். முதலில் தெலுங்கு போயிற்று. பக்கத்து வீட்டு அம்மா கன்னடத்தில் கேட்டால் அவள் முகத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தமிழிலேயே வார்த்தைக்குத் தடுமாறினாள். எழுதத் தெரிந்த எழுத்தை மறந்துவிட்டு, அது எப்படி இருக்கும் என்று என்னிடம் கேட்டாள். பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனையின்போது வலிப்பு வந்து விழுந்த அன்று, மூன்று பேரும் பெங்களூருக்கு பஸ் ஏறினோம்.

அங்கே ஒரு வயதான டாக்டர் அவள் உதட்டை மடக்கி ஈறைப் பார்த்தார். பல்லை ஒட்டி, பேனா மையால் இழுத்தது போல நீலமாக ஒரு கோடு. அப்பா என்ன வேலை என்று கேட்டார். பேட்டரி ஈயம் என்றார் இவர். டாக்டர் இவர் சட்டையைப் பார்த்தார், நகங்களைப் பார்த்தார், அதன் பிறகு எங்கள் இருவர் முகத்தையும் பார்க்கவில்லை. ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். பாதி கன்னடமும் பாதி தமிழுமாக அவர் விளக்கிச் சொன்னார். ஈயத்தைச் சுண்ணாம்புச் சத்து என்று நினைத்து உடம்பு எலும்பில் சேர்த்து வைத்துக்கொள்ளுமாம். ஊசி போட்டால் கொஞ்சம் மூத்திரத்தில் இறங்கும். எலும்பில் உள்ளது வருஷக்கணக்காகச் சிறுகச் சிறுக ரத்தத்துக்கு வந்துகொண்டே இருக்கும். மூளையில் கெட்டது கெட்டதுதான்.

"மருந்து கொடுத்தா எல்லாம் போயிடுமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"எங்கம்மா போகும்?" என்றார்.

நான் வகுப்பில் கேட்கிற கேள்வி அது. திரும்பும் வழியில் அத்திப்பள்ளி தாண்டி பஸ் நெரிசலில் நின்றுவிட்டது. முதலாளி தேடிக்கொண்டிருந்த ஈயம் என் மடியில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது. சட்டை நூலிலும் தலைமயிரிலும் நகக்கண்ணிலும் வெல்லத்திலும் ஒட்டிக்கொண்டு, காவலாளி கண்முன்னாலேயே ஒவ்வொரு நாளும் வெளியே வந்திருக்கிறது. இவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

வேதியியல் படித்தவர், உங்களுக்குத் தெரியாமல் போயிற்றா டீச்சர் என்று எங்கள் தலைமையாசிரியர் பின்னால் ஒருமுறை கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில், ஈயம் அழியாது என்றுதான் சார் பாடப் புத்தகத்தில் போட்டிருக்கிறது, எந்தப் பிள்ளை வயிற்றுக்குப் போகும் என்று போடவில்லை, நீங்கள் வேண்டுமானால் எழுதிப் போடுங்கள் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். வேலை போனாலும் போகட்டும் என்று இருந்தது. போகவில்லை. அவருக்கும் ஒன்பதாம் வகுப்புக்கு ஆள் வேண்டியிருந்தது.

என் வீட்டுக்காரர் மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னார். பயமாக இருந்தால் நின்றுகொள், வெளியே பத்துப் பேர் காத்திருக்கிறான் என்று பதில் வந்தது. மற்ற கம்பெனிகளில் ஐ.டி.ஐ. சர்டிபிகேட் கேட்டார்கள். ஏறாத வாசல் இல்லை. ஊரில் போய்ப் பிழைக்க ஒரு சென்ட் நிலம் கிடையாது. மகளுக்கு மாதாமாதம் பெங்களூர் போக வேண்டும், ஊசி வாங்க வேண்டும். அவள் உடம்பில் இருந்த ஈயத்தை இறக்குவதற்காக அவர் மறுபடியும் அந்த ஈயத்திடமே போய் நின்றார். வேறு வழி இருந்தால் யாராவது சொல்லியிருக்கலாம்.

குளித்துத் துணி மாற்றிவிட்டு வீட்டுக்குள் போ என்றுதான் டாக்டர் சொன்னார். இவர் அதோடு நிற்கவில்லை. துணியைத் தெருக் குழாயடியில் தானே துவைத்தார். நகத்தைச் சதையோடு வெட்டினார். வாசல் ஓரம் தனியாகப் பாய் போட்டுப் படுத்தார். மகளைத் தொடுவதை அடியோடு விட்டுவிட்டார். குளித்த பிறகு தொட்டால் ஒன்றும் ஆகாது என்று நான் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன்.

"உனக்குத் தெரியாது. என் தோலுக்குள்ளயே இருக்குது" என்றார். நான் அழுதும் பார்த்தேன், சண்டையும் போட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். இவர் தலைமுழுகி, வெளுத்த வேட்டியோடு தெருவில் நின்றுகொண்டிருந்தார். மகள் ஓடி வந்தவள், நோய்க்குப் பிறகு தளர்ந்திருந்த கால் இழுத்து, அவருக்கு இரண்டடி தூரத்தில் குப்புற விழுந்தாள். முழங்கால் கிழிந்து ரத்தம். அவள் கையை அவர் பக்கம்தான் நீட்டினாள். இவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"யாராச்சும் வாங்களேன், கொயந்தயத் தூக்குங்க" என்று தெருவைப் பார்த்துக் கத்தினார்.

நான் முறத்தைப் போட்டுவிட்டு எழுவதற்குள் பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா ஓடிவந்து அவளை அள்ளிக்கொண்டாள். இவர் அங்கேயே நின்றார்.

எழுத்தும் எண்ணும் அவளுக்குத் திரும்பவும் கைகூடவே இல்லை. இதை மட்டும் ஒரே தடவையில் கற்றுக்கொண்டாள். அதற்குப் பிறகு தெருவில் விழுந்தால், அப்பா எதிரிலேயே நின்றாலும், பக்கத்து வீட்டுக் கதவைப் பார்த்துதான் அழுவாள்.